ஒன்றும் மூன்றும்

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டலத்துக்குள் கனமாக இருப்பதைக் கடைசியில் பிரி. முதலில் இதைப் படித்துவிடு.

நலமாக இருக்கிறாயா? விடுதியில் இப்போதாவது உப்பு சரியாகப் போடுகிறார்களா? இங்கே அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது. மாடிப்படிக் கைப்பிடியை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள்.

உன் பாரிடோன் பித்தளை வாத்தியத்தை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி நீ எழுதியதை அப்பா சாப்பிடும்போது வாய்விட்டுப் படித்தார். "காத்தே இல்லாத நெஞ்சுக்கு எதுக்குப்பா அவ்ளோ பெரிய குழாய்" என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். சனிக்கிழமை பேண்ட் மாஸ்டர் வந்து எடுத்துப் போகிறாராம்.

இசைக்குழுத் தேர்வுக்கு முந்தின நாள் மாலை வால்வுகளுக்கு எண்ணெய் போடச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? "நூலகம், எண்ணெயைப் போட்டோமா வந்தோமான்னு இரு. ஆராய்ச்சி பண்ண உக்காந்துடாத" என்று, புத்தகப் புழுவான எனக்கு நீ வைத்த பட்டப்பெயரால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு உடுப்பை இஸ்திரி போடப் போனாய். நான் ஆராய்ச்சி செய்யத்தான் உட்கார்ந்தேன்.

சுருண்டிருக்கும் அந்தக் குழாயை நீட்டினால் ஒன்பது அடி வரும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். வால்வை அழுத்தினால் காற்று இன்னும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகிறது, அதனால்தான் சுரம் இறங்குகிறது. அந்தச் சுற்றுவழியைக் கண்ணால் பார்க்க ஆசையாக இருந்தது. வால்வுகளுக்குள் ஏறி இறங்கும் மூன்று பிஸ்டன்களையும் உருவி, செய்தித்தாளில் வைத்து, துளைகளை நோட்டில் வரைந்தேன். அம்மா கூப்பிட்டாள். அவசரமாக எண்ணெய் தடவி உள்ளே இறக்கினேன். ஒன்றும் மூன்றும் இடம் மாறிவிட்டன. ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கிறது. துளைகளை அவ்வளவு கவனமாக வரைந்தவள் எண்ணைப் பார்க்கவில்லை.

இரவு வேலை முடிந்து வந்த கீழ்வீட்டு நர்ஸ் தூங்குகிறார் என்று காலையில் நீ ஊதிப் பார்க்கவில்லை. தேர்வு நடக்கும் இடத்துக்குப் போனால் தாழ்வாரத்தில் ஊதக் கூடாது என்றார்களாம். நேராக உள்ளே போய், தேர்வாளர்கள் மூன்று பேர் எதிரில் நின்று ஊதியிருக்கிறாய். "சுவத்துல ஊதுற மாதிரி இருந்துச்சு. பயத்துல மூச்சே நின்னுபோச்சு" என்று வந்து சொன்னாய்.

பிஸ்டன்கள் இடம் மாறி, துளைகள் பொருந்தாமல் காற்று அடைபட்டிருக்கிறது என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. நீ முகம் கழுவப் போனபோது பெட்டியைத் திறந்து, இரண்டையும் சரியாக மாற்றிப் போட்டேன். சொல்லிவிடத்தான் நினைத்தேன், அக்கா. ஆனால் மறுநாள் நீ அதை எடுத்து ஊதினாய். "டிரம்பெட் கத்தும், டியூபா உறுமும், என்னோடதுதான் மனுஷன் மாதிரி பேசும்" என்பாயே, அந்தக் குரல் அப்படியே வந்தது. நீ பாதியில் நிறுத்திவிட்டாய். "இது நல்லாத்தான் இருக்கு. கோளாறு எங்கிட்டதான்" என்று சொல்லிப் பெட்டியை மூடினாய்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் தப்பை நான் திருத்தி வைத்ததால்தான் அது உன் தப்பாகப் போனது.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "எங்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது? அவகிட்ட சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

பொட்டலத்தில் என் காலுறைக்குள் (துவைத்ததுதான்) இருப்பவை அந்த ஒன்றாவது, மூன்றாவது பிஸ்டன்கள். அவை இல்லாமல் யார் ஊதினாலும் சத்தம் வராது. பேண்ட் மாஸ்டருக்கு அம்மா பதில் சொல்லிக்கொள்வாள். இதைப் படித்த பிறகும் கொடுத்துவிடத்தான் தோன்றினால் திருப்பி அனுப்பு. எண் பார்த்துப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இல்லையென்றால், விடுமுறைக்கு வரும்போது எடுத்து வந்து உன் கையால் போடு. நான் தொட மாட்டேன். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தடவை ஊது. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் மூச்சு நன்றாக இருக்கிறது, அக்கா.

இப்படிக்கு,
உன் நூலகம்