இருபத்து மூன்றாம் குழி

மார்ச் 3, செவ்வாய்

முப்பத்தோரு குழிகள். கண் எரிகிறது.

மத்தியானம் அத்தை போனில், ஆபீசில் நீ என்னதான் வேலை செய்கிறாய் என்று கேட்டாள். குழி அளக்கிறேன் என்றேன். ரோடு போடுகிற வேலையா என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். விளக்கினால் அரை மணி நேரம் போகும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு குழியின் அகலம், நிழலின் நீளம், விளிம்பின் சாய்வு. இவற்றை வைத்து எந்தக் குண்டு, எங்கிருந்து வந்தது, எதன்மேல் விழுந்தது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு பெரிய நாடு பக்கத்துச் சின்ன நாட்டுக்குள் புகுந்து, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் குண்டு போட்டது. மக்கள் இருந்த இடத்தில் ஒன்றுகூட விழவில்லை என்கிறது. எங்கள் அரசு அதைக் கண்டித்து சர்வதேச விசாரணைக்குப் போகிறது. இருபதாம் தேதிக்குள் எங்கள் அறிக்கை அங்கே இருக்க வேண்டும்.

மழைக்குப் பிறகு எடுத்த படத்தில் குழிகளில் தண்ணீர் நிற்கிறது. ஒன்பதாம் குழியில் ஒரு வெள்ளைத் திட்டு. நுரையாக இருக்கும். ஆனால் எனக்கு மேகம் மாதிரி தெரிந்தது. தண்ணீருக்குள் ஒரு மேகம், நகராமல். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

எங்கள் பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் கமா. அவர் பேச்சில் முற்றுப்புள்ளியே வராது. இன்று காலை வந்தவர், வானிலை, லிஃப்ட், தன் மூட்டுவலி எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "அதனால நீ உங்கப்பா அட்டவணைய எடுத்து வச்சு ஒப்பிட்டுப் பாரு, என்ன," என்று போய்விட்டார்.

ஆபீஸ் முழுக்க அதை அப்படித்தான் சொல்கிறார்கள். இருபத்தாறு வருஷத்துக்கு முன் எங்கள் ராணுவம் தெற்கே இருக்கும் நாட்டுக்குள் போனது. பள்ளிப் புத்தகத்தில் அதற்கு நான்கு வரி. ராணுவ முகாம்களை மட்டும் தாக்கினோம், திரும்பி வந்தோம். சண்டை நின்றதும் இந்தப் பிரிவில் அளவையாளராக இருந்த அப்பா அளவு நாடாவோடு அங்கே போய், எங்கள் குண்டுகள் விழுந்த நாற்பத்தோரு குழிகளை அளந்து வந்தார். எங்கள் விமானம், எங்கள் குண்டு. அதனால் எடை, உயரம், திசை எல்லாம் துல்லியமாகத் தெரியும். இவ்வளவு சுத்தமான அட்டவணை வேறு எங்கும் கிடையாது. தெரியாத குழியைத் தெரிந்த குழியோடு வைத்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

அப்பா பெயரால் எனக்கு இந்த வேலை கிடைத்தது என்பவர்களுக்கு: நான் பரீட்சை எழுதித்தான் வந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

மத்தியானம் தூங்கியிருக்கக் கூடாது. படத்தின் மேல் நடந்துகொண்டிருந்தேன். காலடியில் தரை தாள் மாதிரி லேசாக அமுங்குகிறது. எங்கு பார்த்தாலும் வட்ட வட்டமாகத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் வேறு வேறு நேரத்து வானம். ஒன்றில் விடிகிறது, பக்கத்திலேயே அந்தி. யாரோ ஒரு அளவு நாடாவைக் குளத்துக்குக் குளம் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். நனைந்து எண்கள் ஊறிப் பெருத்திருக்கின்றன. படிக்க முடியவில்லை.

நான் கனவு காண்கிற ஆள் இல்லை. வெயில்.

மார்ச் 9, திங்கள்

ஒன்பதாம் குழியின் ஜோடி கிடைத்துவிட்டது. அப்பா அட்டவணையில் இருபத்து மூன்று.

மற்றவை எல்லாம் கிண்ணம் மாதிரி. இவை இரண்டு மட்டும் அடி தட்டையாக, அகலத்துக்குப் பொருந்தாத ஆழத்தோடு, ஒரு பக்கம் விளிம்பு நேர்கோடாக. இருபத்து மூன்றுக்கு எதிரே குறிப்பு: 'இளகிய மண்.'

அடுத்த மேசையில் மொழிபெயர்க்கும் அக்கா அந்த ஆற்றங்கரை ஊர்க்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறது. எங்கள் மொழியில் எங்களையே திருத்துவார். அவருடைய தம்பி அங்கே பேக்கரி வைத்திருந்தான். தகரக் கூரை, கீழே மாவு மூட்டை அடுக்க ஒரு நிலவறை. குண்டு விழுந்த அன்று பதினோரு பேர் அதற்குள் இறங்கியதைத் தெருக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒன்பதாம் குழி அந்த இடம்தான். ஒரே வாரத்தில் பெரிய நாட்டு ராணுவம் மண் தள்ளி மூடிவிட்டது. பெரிய நாடு சொல்வது: அது ஆளில்லாத கொட்டகை, கீழே அறை எதுவும் இல்லை, ஆற்றங்கரை மண் இளகியது என்பதால் குழி அப்படி. தம்பியின் பெயர் அவர்களுடைய 'ஊரைவிட்டுப் போனவர்கள்' பட்டியலில் இருக்கிறது.

அக்கா என் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, கீழ ஒரு ரூம் இருந்துச்சுன்னு உன் படம் சொல்லுமா?"

"சொல்லாதுக்கா. நம்ம அட்டவணைப்படி பாத்தா அது இளகிய மண்ணு."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போய் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒரு பக்கமும் புரட்டவில்லை.

மார்ச் 11, புதன்

இருபத்திரண்டு: இறுகிய செம்மண். இருபத்து நான்கு: இறுகிய செம்மண். நடுவில், பதினைந்து மீட்டர் தள்ளி, இருபத்து மூன்று: இளகிய மண்.

மண் என்ன, ஒரே ஒரு குழிக்கு மட்டும் இளகிக் கொடுக்குமா?

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். சாப்பிடுகிற இடத்தில் குழிப் பேச்சு எதற்கு என்றாள் அம்மா. அப்பா பாதியில் கை கழுவிவிட்டு வராந்தாவில் நடக்கத் தொடங்கினார். அவர் ஒரு எட்டு வைத்தால் எழுபத்தைந்து சென்டிமீட்டர், கூடக் குறைய இருக்காது. இன்று சத்தம் சீராக இல்லை.

மார்ச் 12, வியாழன்

அப்பா விடியும் முன்பே பார்க்குக்கு நடக்கப் போய்விட்டார்.

மார்ச் 14, சனி

காலையில் ஒரே மூடுபனி. மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனேன், எதிர்வீடுகூடத் தெரியவில்லை. கொடிக்கு அந்தப் பக்கம் அப்பா நிற்கிறார் என்பது அவர் குரல் வந்த பிறகுதான் தெரிந்தது. ஈரப் போர்வை நடுவில் தொங்கியது. முகம் பார்க்காமலே பேசினோம்.

"இளகிய மண்ணு இல்லடா. கீழ தானியம் வைக்கிற ரூம். சத்தம் கேட்டு எல்லாரும் உள்ள எறங்கியிருக்காங்க."

"அப்புறம் ஏன் அப்படி எழுதினீங்க?"

"நான் ரூம்னுதான் எழுதினேன். டைப் ஆகி வந்தப்ப மண்ணுன்னு மாறியிருந்துச்சு. கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டேன்." போர்வை அந்தப் பக்கம் லேசாக இழுபட்டது. "நீ பொறந்து நாலு மாசம் அப்ப." பிறகு தன்மேலேயே கோபப்பட்டவர் மாதிரி, "அது சாக்கு. அதை விடு. சண்டை முடிஞ்சிருச்சு, செத்தவங்க செத்துட்டாங்க, ஒரு அட்டவணையில ஒரு வார்த்தையால இனி யாருக்கு என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன்."

போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பனி விலகியபோது அவர் கீழே போய்விட்டிருந்தார்.

மார்ச் 15, ஞாயிறு

அப்ப நாம யாரு? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போய் நிக்கறோம்? அந்தப் பெரிய நாட்டுக்காரன் சொல்ற அதே பொய். வார்த்தைகூட மாறல. நாம முன்னாடியே டைப் அடிச்சு, கையெழுத்து வாங்கி, அவனுக்காகவே தயாரா வச்சிருக்கோம்.

எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன். ஒரு திருடன் இன்னொரு திருடனைக் காட்டிக்கொடுத்தால், இரண்டாமவன் பையில் இருப்பது திருட்டுப் பொருள் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆனால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பது தப்பா? அதுவும் இல்லை. இரண்டும் சரி என்றால் என்ன செய்வது? இப்படி முடிவில்லாமல் சுற்றும் கணக்கு எனக்குப் பிடிக்காது.

மார்ச் 17, செவ்வாய்

கமாவிடம் போய் முழுக்கச் சொன்னேன். கதவைச் சாத்தினார். ஒன்பதாம் குழியை விட்டுவிடு, மீதி முப்பது போதும் என்றார். இருபத்து மூன்றை நாமே திறந்து காட்டினால் விசாரணைக் கூடத்தில் நம்மைத்தான் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள், அவன் வாய்க்கு நாமே அவல் போடுவதா என்று நீட்டிக்கொண்டே போனார்.

நான் சொன்னேன்: தன் பிழை எவ்வளவு என்று சொல்கிற கருவியைத்தான் நாம் நம்புகிறோம். பிழையே இல்லை என்று காட்டுகிற கருவியைப் பயிற்சியின் முதல் நாளே ஓரமாக வைக்கச் சொன்னது நீங்கள்தானே, சார். நாடு கருவி இல்லை தம்பி என்றார்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அக்கா கோப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க நாடு அன்னைக்குச் செஞ்சது தப்புங்கறதால, என் தம்பி செத்தது பொய்யாயிடுமா சார்?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கையெழுத்து வேண்டும் என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

கமா, "இல்லம்மா," என்றார். அதோடு நிறுத்தினார். மூன்று வருஷத்தில் அவர் ஒரு வாக்கியத்தை முடித்து இன்றுதான் பார்க்கிறேன்.

பிறகு என்னிடம் விதியைச் சொன்னார். கையெழுத்தான அட்டவணையை மகன் சொன்னான் என்று மாற்ற முடியாது. அளந்தவர் எழுத்தில் தர வேண்டும், அவருடைய அசல் குறிப்பேட்டோடு. இருபதாம் தேதிக்குள்.

மார்ச் 18, புதன்

அப்பாவிடம் சொன்னேன். கெஞ்சவில்லை, எனக்கு வராது. அம்மாதான் கொதித்தாள். ரிட்டயர் ஆன மனுஷனை இழுத்துத் தெருவில் விடப் போகிறாயா, பென்ஷனில் கை வைத்தால் நீயா தருவாய், நாளைக்குப் பார்க்கில் யார் இவரோடு நடப்பார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நகம் வெட்டினார்.

மார்ச் 19, வியாழன்

பத்தரை மணிக்கு வாசல் காவலாளி போன் செய்தார்: பாஸ் இல்லாமல் ஒரு பெரியவர் வந்து, இது தன் ஆபீஸ் என்கிறார்.

இஸ்திரி போட்ட சட்டை, கையில் துணிப்பை. என் மேசை அவருடைய பழைய மேசைதான் என்று எனக்கு அதுவரை தெரியாது. எதுவும் கேட்காமல் உட்கார்ந்து அரைப்பக்கம் எழுதினார். 'இளகிய மண் என்பது தவறு. அது தவறு என்று தெரிந்தே கையெழுத்திட்டேன்.' தேதியை மட்டும் என்னிடம் கேட்டார்.

பையிலிருந்து அவர் எடுத்து வைத்த குறிப்பேட்டில் இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். பென்சில் கோடு மங்கவில்லை. அறை மூன்று மீட்டருக்கு நான்கு. நான்கு படிகள். கிணற்றுச் சுவரிலிருந்து முப்பத்தெட்டு மீட்டர். ஒன்பது பேர். அதற்குக் கீழே: 'ஒரு செருப்பு, 14 செ.மீ.'

"இத எதுக்குப்பா அளந்தீங்க?"

"கையில நாடா இருந்துச்சு," என்றார்.

அக்கா எழுந்து வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அப்பாவும் எழுந்து நின்றார். ஜன்னல் வெயில் மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனது போலிருந்தது. அவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

மார்ச் 20, வெள்ளி

மாலை நான்கு மணிக்கு அனுப்பிவிட்டோம். ஒன்பதும் உள்ளே. இருபத்து மூன்றும் உள்ளே.

ஏப்ரல் 2, வியாழன்

விசாரணையை ஆபீஸ் திரையில் பார்த்தோம். பெரிய நாட்டின் தூதருக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். பதிமூன்று நிமிடம் இருபத்து மூன்றாம் குழியைப் பற்றியே பேசினார். முதலில் உங்கள் வீட்டைக் கூட்டுங்கள் என்றார். அப்பாவின் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். எங்களைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு பொய் கிடையாது.

விசாரணைக் குழுத் தலைவர் கேட்டார்: சரி, ஒன்பதாம் குழி? தூதர் தாளைப் புரட்டினார், தண்ணீர் குடித்தார். இளகிய மண் என்று சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை; அதே வடிவக் குழிக்குக் கீழே அறை இருந்தது என்று பதிமூன்று நிமிடம் காட்டியது அவரேதான்.

அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

எனக்கும் கமாவுக்கும் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். கமா பதினெட்டுப் பக்கம் பதில் எழுதுகிறார். படிக்கிறவர்கள் பாவம். பார்க்கில் அப்பாவோடு இப்போது யாரும் நடப்பதில்லை. அவர் தனியாகவே நடக்கிறார், அதே எழுபத்தைந்து.

ஏப்ரல் 23, வியாழன்

விசாரணைக் குழு இறந்தவர்களின் பட்டியலைத் திருத்தி வெளியிட்டது. ஒன்பதாம் குழிக்குப் பதினோரு பெயர்கள். அக்காவின் தம்பி நான்காவது.

அக்கா படித்தார். பிறகு, மூடுவதற்கு முன் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். பெரிதாக்கினேன். எந்த இடத்தில் அடுப்பு, எந்தப் பக்கம் கடை வாசல் என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். வாசலில் வெயில் வரும், மாவு தூசி மிதக்கும், எப்போதும் தும்முவான் என்றார். நானும் அந்தத் தூசியைப் பார்த்தேன் என்றுதான் தோன்றுகிறது. திரை தானாக அணைந்தது. நான் மறுபடி போடவில்லை.

மே 10, ஞாயிறு

தெற்கு நாட்டிலிருந்து ஒரு அம்மாள் அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். இருபத்து மூன்றில் அவருடைய குடும்பம் முழுக்க இருந்தது; அன்று அவர் மட்டும் வெளியூரில். கிணற்றுச் சுவர் மட்டும்தான் மிச்சம், நிலமெல்லாம் உழுதுவிட்டார்கள், இப்போது இடம் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை, உங்கள் குறிப்பேட்டில் தூரம் இருக்கிறதாமே என்று கேட்டிருந்தார். திட்டி ஒரு வார்த்தை இல்லை. மன்னித்ததாகவும் இல்லை.

அப்பா போகிறார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே அவருக்கு ஸ்வெட்டர் எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் விசா படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பயணத்தின் நோக்கம்: சுற்றுலா, வியாபாரம், உறவினரைப் பார்க்க, மற்றவை. எதைப் போடுவது என்று என்னிடம் கேட்டார். மற்றவை என்றேன். டிக் அடித்தார். பக்கத்தில் விவரம் எழுதச் சின்னதாக ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். அப்பா அதை ஸ்கேலால் அளந்து பார்த்தார். பிறகு, வேறு தாள் இருக்கிறதா என்று கேட்டார்.