இதுல நெட் இல்ல

நேற்று சாயங்காலம் உன் வீட்டு வாசலைத் தாண்டும்போது பைக்குள் இருந்த என் போன் திடீரென்று அதிரத் தொடங்கியது. அன்றைய டேட்டா மதியமே தீர்ந்து போயிருந்ததால் அதுவரை சத்தமில்லாமல் கிடந்த போன் அது. எடுத்துப் பார்த்தால் பள்ளிக்கூடக் குழுவின் செய்திகள், ஒரு கல்யாணப் பத்திரிகை, யாரோ அனுப்பிய காலை வணக்கம் என்று வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. மேலே வைஃபையின் பெயர் இருந்தது. 'இதுல நெட் இல்ல'.

தெருவிலேயே நின்றுவிட்டேன். நீ வைத்த பெயர். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. என் போனுக்கு அது தெரியாது. பழைய பழக்கத்தில் உன் வீட்டைப் பார்த்ததும் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னும் தணியவில்லை. உனக்குத்தான் எழுத வேண்டும், வேறு யாருக்கு எழுதினாலும் "ஒரு வைஃபை பொட்டிக்கா இவ்ளோ" என்பார்கள்.

வாலாஜாபாத் சாலையில் வண்டி சறுக்கி உன் இடுப்பெலும்பு நொறுங்கிய பிறகு, உன் உலகம் தெருவைப் பார்த்த அந்த ஒரு அறையாகிவிட்டது. கட்டில், கம்ப்யூட்டர், நாற்காலி, பிடித்து நடக்கும் வாக்கர். காவாந்தண்டலத்தில் மஞ்சள் நீராட்டு என்றாலும் உத்திரமேரூரில் கடை திறப்பு என்றாலும் பேனர் உன் கையால்தான். எல்லார் முகத்தையும் வெளுப்பாக்கி, எல்லார் பின்னாலும் ரோஜாப்பூவும் நீர்வீழ்ச்சியும் வைத்து அனுப்புவாய். "ஊரே போய்ட்டு வருது, நான் மட்டும் பேனர் போட்டுக்கினு கீறேன்" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

நம்மோடு காஞ்சிபுரத்தில் படித்தவள் ஒருத்தி தனக்குச் சலித்துப்போன விஆர் ஹெட்செட்டை உனக்கு அனுப்பினாள். கண்ணில் மாட்டிக்கொண்டால் சுற்றிலும் வேறு ஓர் இடம் விரியும். நீ அதில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டாய். மலை ஏறும் ஆட்டம். காலே வேண்டாம், இரண்டு கைகளால் பாறையைப் பற்றிப் பற்றி ஏற வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடி நீ காற்றைப் பிடித்து இழுப்பதை முதல் நாள் பார்த்துவிட்டு நான் சிரித்தேன். கழற்றியபோது உன் முகம் வேர்த்திருந்தது. "கீழ பார்த்தன்டி. கால் கூசுது" என்றாய். இரண்டு வருஷமாக நீ உன் காலைப் பற்றி வலி என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை.

ஆனால் கூடத்து வைஃபையில் அது ஓடவில்லை. உன் கம்ப்யூட்டர் தயாரிக்கிற படம் காற்றில் உன் கண்ணுக்கு வந்து சேர வேண்டும். நீ தலையைத் திருப்பினால் மலையும் அந்தக் கணமே திரும்ப வேண்டும். நடுவில் இரண்டு சுவர், டிவி, உன் அண்ணன் குடும்பத்தின் ஐந்து போன். படம் திக்கித் திக்கி வரும். உனக்குத் தலை சுற்றி வாந்தி வரும். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தாய். பிறகு தனியாக ஒரு ரூட்டர் வாங்கி, உன் நாற்காலிக்கு எதிரே பீரோ மேல் வைக்கச் சொன்னாய். கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு ஒரு வயர், வீட்டு லைனிலிருந்து ஒரு வயர். காற்றில் அதோடு சேர்வது ஹெட்செட் மட்டும்.

"எனக்குன்னு ஒரு ரோடுடி. இதுல எருமை வரக்கூடாது, ஆட்டோ வரக்கூடாது, எங்கண்ணனும் வரக்கூடாது."

என் போனில்தான் அதை அமைத்தோம். பெயர் கேட்டதும் நீ யோசிக்கவே இல்லை. இதுல நெட் இல்ல. நெட் இருந்தது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அந்தப் பொய் ஏன் என்று உன்னிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நம் தெருவில் வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் கேட்பதற்கு முன் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தரமாட்டேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அது பத்து வருஷத்துப் பகை. அதிலும் அண்ணன் வீட்டில் இருக்கிற, கல்யாணம் ஆகாத, நடக்க முடியாத ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? ஆகவே நீ இல்லை என்று எழுதியே வைத்துவிட்டாய். ஆறு மாதம் அந்தப் பொய் உன்னைக் காப்பாற்றியது. ஆறு மாதமும் ஏறினாய். உச்சிக்குக் கீழே ஒரு நெட்டுக்குத்தான பாறை. அதில் நிற்க இடமில்லை, விழுந்தால் அடிவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்காகக் கையில் அரைக்கிலோ உப்புப் பொட்டலங்களைப் பிடித்துத் தூக்கிப் பழகினாய்.

பிறகு உன் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து.

வாசலில் உன் பேனர், பந்தலில் பந்தி. நீ காலையில் வந்து குழந்தைக்கு ஆசீர்வாதம் செய்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். போகும்போது என் காதில், "இன்னிக்கு யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. ஏறிடுவேன்" என்றாய்.

கூட்டத்தில் கூடத்து வைஃபை படுத்துவிட்டது. என் எதிர் வீட்டுக்காரர், உன் அண்ணிக்கு ஒன்றுவிட்ட தம்பி, போனில் பெயர்களைப் பார்த்துவிட்டு உன் கதவைக் காட்டினார். "நெட்டே இல்லாத பொட்டிக்குப் பூட்டு போட்டு வச்சிக்கினு கீது பாரு. காலோட மூளையும் போயிடுச்சு போல." நான்கைந்து பேர் சிரித்தார்கள். உன் அண்ணனும் சாம்பார் வாளியோடு நின்று சிரித்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். உன்னைப் பைத்தியம் என்று ஒருவன் சொல்ல, கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "அதுல நெட் கீது. அவளுக்கு வேணும்னு தனியா வச்சிருக்கா. உங்க எல்லாரையும் விட அவளுக்கு மூளை ஜாஸ்தி" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. அவர் சிரிப்பு மாறவில்லை. "அப்டியா மிஸ்? அப்ப நீங்களே போட்டுக் குடுங்க" என்று போனை நீட்டினார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள் நான். அந்தப் போனை வாங்கி, உன் பாஸ்வேர்டைத் தட்டினேன். அவர் போனிலிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அடுத்தவர். காதுகுத்து வீடியோக்கள் எல்லாம் உன் ரோட்டில் ஏறிப் போயின.

உள்ளே நீ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். ஹெட்செட் மடியில் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். உச்சிக்குக் கடைசிப் பிடி, கை நீட்டியபோது படம் உறைந்து, பிறகு மலையே தலைகீழாகச் சுழன்றதாம். கம்ப்யூட்டரில் ரூட்டரைத் திறந்து பார்த்தாய்.

"இருவத்திமூணு பேரு என் மலைல ஏறிட்டாங்க" என்றாய். பிறகு என்னைப் பார்த்தாய். "நீ குடுத்தியா?"

"ஆமா."

"சரி. போய்ப் பந்தியைப் பாரு."

அவ்வளவுதான். திட்டியிருக்க வேண்டும் நீ. கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் அந்த உரிமை உனக்கு இல்லையா? என்னையும் மற்ற இருபத்திமூன்று பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டாய். இதற்காக உன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்.

பாஸ்வேர்டை மாற்றிவிடு என்று மறுநாள் சொன்னேன். "மாத்தினா திரும்பக் கேப்பாங்க. இப்ப நெட் கீதுன்னு தெரிஞ்சிபோச்சு. இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றாய். வேறு ஒரு வார்த்தை இருக்கிறது என்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஹெட்செட்டைத் துணி சுற்றி மேலே வைத்துவிட்டு ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரைத் திறந்தாய். மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை உனக்கு மூச்சு அடைத்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பாதி வழிகூடத் தாண்டவில்லை. ரூட்டருக்கும் உன் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று வாரத்தில் நீ ஒரு தடவைகூட ஏறவில்லை என்பதற்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு.

காரியம் முடிந்ததும் உன் அண்ணன் கம்ப்யூட்டரையும் ஹெட்செட்டையும் என்னிடம் கொடுத்தார். "பாத்தா மனசு கஷ்டமா கீது, நீயே எடுத்துனு போம்மா." அழுதார். அவரும் கெட்டவர் இல்லை, அதனால்தான் கோபம் போக இடமில்லாமல் சுற்றுகிறது. ரூட்டரை மட்டும் வைத்துக்கொண்டார். நெட் நன்றாக வருகிறதாம்.

நேற்று நேராக உள்ளே போனேன். உன் ரூட்டர் ஃபிரிட்ஜ் மேல், ஒரு தேங்காய்க்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் இருந்தது. வயரைப் பிடுங்கினேன்.

"அண்ணா, இது அவளுது. எடுத்துக்கினு போறேன்."

"அது இல்லன்னா மாடில நெட் வராதேம்மா."

"வராதுண்ணா" என்றேன். அவர் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் என் மேஜைக்கு எதிரே அலமாரி மேல் வைத்து, நீ சொன்னபடியே வயர்களை மாட்டினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். இன்று காலை நான் கோலம் போடும்போது எதிர் வீட்டுக்காரர் போனும் கையுமாக வந்தார்.

"மிஸ், அந்த வைஃபை இங்க வந்துட்டுது போல. பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா?"

"ஆமா."

"இன்னா அது?"

"தரமாட்டேன்."

நான் சிரிப்பேன் என்று காத்திருந்தார். நான் சிரிக்காமல் அடுத்த புள்ளியை வைத்தேன். முகம் சுருங்கிப் போய்விட்டார். பத்து வருஷத்துக்குப் பேசமாட்டார். இவ்வளவுதானா அந்த வார்த்தை? இதையா நாம் இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்கச் சொல்லாமல் இருந்தோம்?

கதவைச் சாத்தி, உன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். மூன்றாவது திருப்பத்திலேயே விழுந்துவிட்டேன். நீ தொட்ட இடம் எனக்கு இன்னும் கண்ணிலேயே படவில்லை. தோள் வலிக்கிறது, பேனா பிடிக்கச் சிரமமாக இருக்கிறது. அடுத்த வாரமும் ஏறுவேன்.

ஹெட்செட்டைக் கழற்றியதும் நீ வைத்த பெயரை அழித்துவிட்டேன், மன்னித்துக்கொள். அந்த இடத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். இனி இந்தத் தெருவில் யார் போனில் தேடினாலும் நீ தெரிவாய், பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டோடு.