மலருக்கு மூன்று வேளை ரொட்டி

ஜூன் 10, செவ்வாய்
விடியும் முன்பே மழை. கூரைத் தகரம் மறுபடி ஒழுகுகிறது. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எத்தனை தரம் சொல்லியாயிற்று. ஒருவரும் வரவில்லை. முழங்கால் வலி.

மகள் மலர் கொழும்பிலிருந்து திரும்பி இரண்டு மாதம். துணிக்கடை வேலையில் உடம்பு பெருத்துவிட்டது. இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. இன்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி நிறுத்துப் பார்த்து, எடை குறையாவிட்டால் சீனி வியாதி வரும், சோற்றைக் குறை என்றாராம். சரி. இனி இந்த வீட்டில் சோறு கிடையாது. மூன்று வேளையும் ரொட்டி. சீனி வியாதிக்காரர்கள் ரொட்டிதானே சாப்பிடுகிறார்கள். அவள் அம்மா தவறிப்போன பிறகு சமையல் என் கையில்தான்.

கோதுமை மாவு, துருவிய தேங்காய்ப்பூ, உப்பு. கனமாகத் தட்டினேன், பசி தாங்க வேண்டுமே.

ஜூன் 12, வியாழன்
கொஞ்சம் வெயில். விறகு காயவில்லை.

மலர் வந்து நின்றாள். "அப்பா, மிஸ்ஸிகிட்ட திரும்பக் கேட்டேன். அந்த மாவும் சோறும் ஒண்ணுதானாம். தேங்கா வேற போடுறீங்க. கீரை, பருப்பு கூட்டச் சொன்னாங்க. தேத்தண்ணிக்குச் சீனி வேணாமாம்."

"உங்க மிஸ்ஸி மலை ஏறியிருக்காங்களா? நாங்க ரொட்டி தின்னுதான் ஏறினோம். எவனுக்குத் தொப்பை இருந்துச்சு?"

"நீங்க ஏறினீங்க. நான் நாள் பூரா கடையில நின்னேன்."

பள்ளிக்கூடம் பாதியில் நின்றாலும் பேப்பர் படித்தே அறிந்தவன் நான். எனக்கே பாடம் எடுக்கிறாள்.

ராத்திரி இரண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டினாள். "இன்னொண்ணா? அப்புறம் வாசலை இடிச்சுக் கட்டணும்" என்றேன். விளையாட்டாகத்தான். தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் பொறுக்காது.

ஜூன் 14, சனி
இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால் "சாப்புட்டேன்". தட்டு காலியாகத்தான் இருக்கிறது. எடை குறையும், பார்க்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு
காலையில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது குடத்தோடு சாய்ந்துவிட்டாள். அடுத்த காம்பரா வீட்டுப் புஷ்பம்தான் தாங்கிக் கூட்டி வந்தாள். நெற்றியில் சிராய்ப்பு.

புஷ்பம் லயத்து வரிசை வீடெல்லாம் கேட்கும்படி: "என்ன மாமா, புள்ள ரெண்டு நாளா ஒண்ணும் திங்கலயாம். நீங்க சுட்ட ரொட்டி பூரா எங்க வீட்டு நாய்க்குத்தான். அதுதான் இப்ப கொழுத்துப்போய்க் கெடக்கு!"

நாலு பேர் சிரித்தார்கள். இவளை யார் கேட்டது.

எல்லோரும் போன பிறகு, "ஒன் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றேன்.

"தெரியும்ப்பா. நான் வாய்கிட்டக் கொண்டுபோறப்ப நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்க. தொண்டையில எறங்க மாட்டேங்குது."

பார்க்காமல் எப்படி இருப்பது? ஒரே பிள்ளை.

ஜூன் 16, திங்கள்
மழை. ஆபீசிலிருந்து இன்றும் ஆள் வரவில்லை.

மலர் தானே சமைத்தாள். ஒரு பிடி சிவப்பரிசிச் சோறு, பருப்பு, தட்டில் பாதிக்கு மேல் வல்லாரைக் கீரைச் சம்பல். மிஸ்ஸி சொல்வது சரியென்று நான் ஒப்பவில்லை, ஒப்பவும் மாட்டேன்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மணைப்பலகையைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். பிறகு தட்டில் விரல் உரசும் சத்தம். மறுபடியும்.

திரும்பவில்லை.