முன்பு, பின்பு

ஜனவரி 9

ஆஸ்பத்திரி நிர்வாகி கூப்பிட்டு அனுப்பியிருந்தார். எங்கள் பேச்சு, செவித்திறன் பிரிவின் தலைவர் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு என் பெயரும் பேச்சில் இருக்கிறதாம். சந்தோஷப்பட வாயைத் திறப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.

"உங்க வேலையில ஒரு குறையும் சொல்ல முடியாது மேடம். ஆனா வெளியில உங்களை யாருக்குத் தெரியும்?"

தெரியாதுதான். என்னிடம் வருகிறவர்கள் பேசச் சிரமப்படுகிறவர்கள், அவர்கள் என் புகழை ஊரெல்லாம் பேசுவார்களா என்ன என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"டயட்டீசியனைப் பாருங்க. உங்களுக்கு எவ்வளவோ ஜூனியர். அவங்க போடுற வீடியோவைப் பார்த்துட்டு, அவங்களைப் பார்க்கன்னே ஜனங்க வர்றாங்க. உங்களுக்குன்னு ஒரு பிராண்ட் வேணும் மேடம். இனிமே ஆள்தான் விளம்பரம்."

சோப்புக்கும் செருப்புக்கும்தான் பிராண்ட் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 13

முதல் வீடியோ. குழந்தை பேசத் தாமதமானால் எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஆறு நிமிடம் பேசினேன். தம்பிதான் போனை நிற்கவைத்து, விளக்கைத் திருப்பி, என் தலைமுடியைக்கூடச் சரிசெய்துவிட்டான். நடுவில் அம்மா எட்டிப் பார்த்து, "தனியா யார்கிட்டடி பேசிட்டு இருக்க?" என்றாள். மறுபடி முதலிலிருந்து எடுத்தோம்.

பார்த்தவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். வந்தது ஒரே ஒரு கமெண்ட்: "சவுண்டு இல்லை." பேச்சுப் பயிற்சி தருகிறவளின் வீடியோவில் சத்தம் இல்லை! தம்பி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஜனவரி 30

இதுவரை ஒன்பதோ பத்தோ போட்டாயிற்று. ஈ எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 3

லிஃப்டில் டயட்டீசியன். கேட்காமலே அறிவுரை சொன்னாள். கெட்டவள் இல்லை, உண்மையாகவே எனக்கு நல்லது நினைக்கிறாள்.

"அக்கா, நீங்க பாடம் நடத்துறீங்க. பாடம் யாருக்கு வேணும்? ஒரு ஆளைக் காட்டுங்க. முன்னாடி எப்படி இருந்தார், பின்னாடி எப்படி ஆயிட்டார். அவ்வளவுதான் விஷயம். மத்ததெல்லாம் தானா நடக்கும்."

நோயாளிகளின் முகத்தை நான் காட்ட மாட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு யாரை?

பிப்ரவரி 6

தம்பியிடம் கேட்டேன்.

பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அவனுக்குத் திக்கும். அவனுக்காகத்தான் நான் இந்தப் படிப்பையே எடுத்தேன். வளர்ந்த பிறகும் நீடிக்கிற திக்கல் அப்படியே மறைந்துபோகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. அதோடு சுலபமாக வாழப் பழகலாம். இதை என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்கிறேன். தம்பி பழகிக்கொண்டான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதனை செய்து, ஃபிரேம் மாட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் வாய் ஓயாமல் பேசுவான். வார்த்தை சிக்கிக்கொண்டால் சுவரிலுள்ள எழுத்துப் பலகையைக் காட்டி, "நீங்க ப-ப-படிச்சிட்டு இருங்க சார், நான் வந்துடுறேன்" என்பான். அதற்காகவே அவனைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

நான் கேட்டதும் கண்ணைச் சுருக்கினான். "நான் தி... திக்கணுமா, திக்கக் கூடாதா?"

"ரெண்டும்."

"ந-நல்லா இருக்கே! அப்ப எனக்கு ரெட்டைச் சம்பளம்."

அவனுக்கு மிகவும் கஷ்டமானது சொந்தப் பெயரைச் சொல்வதுதான். திக்குகிற பலருக்கும் அப்படித்தான். அதையே சொல்லச் சொன்னேன். கண்களை இறுக மூடினான். தாடை ஒரு பக்கமாக இழுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. முதல் எழுத்து வரவே இல்லை. இப்படி ஆகும்போது நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாதவள்போல் காத்திருப்பேன். இன்று போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று.

பிறகு வேறு சட்டை போடச் சொல்லி, வேறு அறையில் உட்கார வைத்து, அதே வரியை இழுத்து மெதுவாகச் சொல்லும் முறையில் மனப்பாடம் செய்ய வைத்தேன். எத்தனையோ தடவை எடுத்து ஒரு தடவை சுத்தமாக வந்தது. அதுதான் 'பின்பு'.

இரண்டும் ஒரே மத்தியானத்தில் எடுத்தவை. மேலே நான் எழுதிய வரி: 'மூன்றே வாரப் பயிற்சி.'

சாயங்காலம் தண்ணீர் கேட்கும்போது அவனுக்கு எப்போதும்போல் திக்கியது.

பிப்ரவரி 9

லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். போன் சூடாகிக் கையில் பிடிக்க முடியவில்லை. நிர்வாகியே வீட்டுக்கு அழைத்தார். "மேடம், கலக்கிட்டீங்க!"

தம்பிக்கும் பெருமைதான். கடைக்குப் போகும்போது கண்ணாடி பார்த்து இரண்டு தடவை தலை சீவினான். "ஸ்... ஸ்டார் வ-வர்றான், வழி விடுங்க."

பிப்ரவரி 21

ஆஸ்பத்திரியில் என் அறை வாசலில் வரிசை. நாற்காலி போதவில்லை.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தியை அவள் அப்பா கூட்டி வந்தார். ஏற்கெனவே வேறோர் இடத்தில் ஓர் ஆண்டாகப் பயிற்சி எடுக்கிறவள். அவளுக்கு முன்னேற்றம் இருக்கிறது, நல்ல கெட்டிக்காரி. அவர் கையில் போன், அதில் தம்பி. "இந்தத் தம்பி மாதிரி ஆக்கிடுங்க மேடம். மூணு வாரம் நான் லீவு போட்டுட்டே வந்துட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "அந்த அ-அ-அண்ணனுக்கு இப்ப திக்கவே திக்காதா?"

அவள் அப்பா முகம், வாசலில் நின்ற மற்றவர்கள் முகம். "திக்காதும்மா" என்றேன்.

"அப்ப எனக்கு ம-மட்டும் ஏன் போகல?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 4

தம்பி இன்று சாப்பிட உட்காரவில்லை. நிறைய நேரம் கழித்துச் சொன்னான். கடைக்கு வந்த ஒரு அம்மா அவனை அடையாளம் கண்டு, "நீதானேப்பா அது! எங்க, பேசு பேசு" என்றிருக்கிறாள். பேசினான். திக்கியது. அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டதாம். "அய்யோ, மறுபடி வந்துடுச்சா? பயிற்சியை விட்டுட்டியா?" ஒரு நாளைக்கு இப்படி இரண்டு மூன்று பேராம். எனக்கு இதுவரை சொல்லவே இல்லை.

"முன்னாடி நான் திக்கினா, தி-திக்குற ஆள். அவ்வளவுதான். இப்ப திக்கினா தோ... தோ... தோத்துப்போன ஆள்."



மார்ச் 11

கடை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ லீவு கேட்டிருக்கிறார்கள். முதலாளி பதில் போடத் தாமதம். புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பையன் ஒரு ஸ்டிக்கர் போட்டானாம். கண் மூடி, தாடை கோணி, வாய் பாதி திறந்த ஒரு முகம். அடியில் 'வருது... வருது...' என்று எழுத்து.

என் வீடியோவின் முதல் பாதி. யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். எந்த ஊர்க்காரர்களோ, யாரோ யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். போட்ட பையன் அது யார் என்றே கவனிக்கவில்லையாம், பிறகு வந்து மன்னிப்புக் கேட்டானாம்.

தம்பி போனை என் முன்னால் வைத்தான். "எ-எடுத்துடுக்கா."

எடுத்திருக்கலாம். ஒரு விரல் வேலை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி ஆண்டு விழா, அதற்கடுத்த வாரம் பதவி முடிவு.

"கொஞ்ச நாள் பொறுடா. விழா முடியட்டும்."

"சரி" என்றான். திக்காமல்.

மார்ச் 15

விழாவில் தம்பியை மேடையில் பேச வைக்கணுமாம். அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார்கள், என்னைக் கேட்காமல். கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவை விட்டுச் சொல்ல வைத்தேன். "அக்கா உனக்காக எவ்வளவு பண்ணியிருக்கா, ஒரே ஒரு தடவைடா" என்றாள் அம்மா. நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே மடித்த துணி.

மார்ச் 18

போனான். எனக்காகத்தான் போனான்.

அரங்கு நிறைந்திருந்தது. அந்தச் சின்னப் பெண்ணும் அவள் அப்பாவும் மூன்றாவது வரிசையில். நிர்வாகி மைக்கைக் கொடுத்து, "உங்க பேரைச் சொல்லி ஆரம்பிங்க" என்றார்.

பேரை. அதையா கேட்கணும்.

கண்ணை மூடினான். தாடை இழுத்தது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. நான் மேடை ஓரத்தில் நின்று, மெதுவா, மெதுவா என்று கையால் காட்டிக்கொண்டிருந்தேன் — பைத்தியக்காரி, நோயாளியிடம் ஒருபோதும் செய்யாதே என்று மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற காரியம். அப்புறம் யாரோ ஒருத்தர் கை தட்டினார். உற்சாகப்படுத்துறாராம். உடனே எல்லாரும். தட்டுறாங்க, தட்டுறாங்க, நிறுத்தவே இல்லை. அத்தனை கைதட்டலுக்கு நடுவில் ஒரு எழுத்துக்காக அவன் தனியா நின்னுட்டு இருந்தான்.

கண்ணைத் திறந்தான். கூட்டத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான், இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருந்த கையை. மைக்கை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

மார்ச் 19

கதவைத் திறக்கவில்லை.

மார்ச் 20

வீடியோவை எடுத்துவிட்டேன். தேடிப் பார்த்தால் நூறு பக்கங்களில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எழுதிக் கேட்டேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார். அதே ஸ்டிக்கரை.

மார்ச் 29

பதவி எனக்கே.

விழாவில் நடந்ததால் கிடைக்காது என்று நினைத்தேன். கிடைக்கக் கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டேன். நிர்வாகி கை குலுக்கினார். "மேடையில அது எப்பேர்ப்பட்ட தருணம் மேடம்! பாதிப் பேர் அழுதுட்டாங்க. ஆஸ்பத்திரி பேஜ்ல போட்ட போட்டோவுக்கு என்ன வரவேற்பு தெரியுமா?" போட்டோவா? பார்த்தேன். தம்பி கண்மூடி மைக்கின் முன். பிரார்த்தனை செய்வதுபோல் இருக்கிறான். அடியில் 'நம்பிக்கையின் குரல்'.

அதை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். "அது இப்ப ஆஸ்பத்திரியோடதாச்சே மேடம்" என்றார், மிகவும் மரியாதையாக.

டயட்டீசியன் பூங்கொத்தோடு வந்து கட்டிப்பிடித்தாள். "சொன்னேன்ல அக்கா!"

ஏப்ரல் 17

தம்பி தானாகவே கேட்டுக் கடையின் பின்பக்க அறைக்கு மாறிவிட்டான். லென்ஸ் வெட்டுகிற மெஷின் ஓடுகிற அறை. அங்கே யாரும் வர மாட்டார்கள், பேச அவசியமும் இல்லை. வீட்டில் தலையசைப்பு, கைஜாடை. என் எதிரில் அதுவும் இல்லை.

இன்று சாப்பாட்டு மேசையில் அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். தப்புப் பண்ணிட்டேன்டா என்றேன். திட்டுடா என்றேன், திக்கித் திக்கியாவது திட்டு, நான் உட்கார்ந்து கேட்கிறேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். கோபமாகக்கூட இல்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களுக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கிப் போனான்.

மே 2

அந்தச் சின்னப் பெண் வருவதை நிறுத்திவிட்டாள். அப்பாவுக்கு நானே போன் செய்தேன். விழாவைப் பார்த்ததிலிருந்து பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். "அந்த அண்ணனுக்கே போகலையாம்ப்பா, விட்டுடு" என்கிறாளாம். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நன்றி என்று சொல்லித்தான் வைத்தார்.

ஜூன் 8

தம்பி ஊரைவிட்டுப் போகிறான். வேறு ஊரில் லென்ஸ் தயாரிக்கும் இடத்தில் வேலை, தங்க இடமும் அங்கேயே. அம்மாவிடம் எழுதிக் காட்டியிருக்கிறான். நான் டூட்டியிலிருந்து வந்தபோது பெட்டி வாசலில் இல்லை, அறையில் இல்லை. மத்தியானமே கிளம்பிவிட்டானாம்.

"நீ வர்ற வரைக்கும் இருடான்னுதான் சொன்னேன்" என்றாள் அம்மா.

ஜூலை 1

புதிய வீடியோ போடச் சொல்கிறார்கள். அடுத்த 'முன்பு' யார் என்று கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 24

ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இன்று மட்டும் விடுமுறை. வழக்கமாக ஞாயிறிலும் டூட்டி, இந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை; அது தெரிந்துதான் அவன் கூப்பிடுகிறான் போல. சமையலறையில் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நடையில் நின்றபடி கேட்டேன்.

பேசிக்கொண்டிருந்தான். தம்பிதான். கூடத் தங்கியிருப்பவன் குறட்டை விடுகிற கதையைச் சொல்கிறான். "கு-கு-குறட்டைல கூட அவன் தி... திக்குறான்மா" என்று சொல்லி அவனே சிரிக்கிறான். அம்மாவும் சிரிக்கிறாள். எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. 

அம்மா திரும்பினாள், என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைப்பதற்குள், "அக்கா இங்கதான் இருக்காடா, பேசு" என்று ஈரக் கையோடு போனை நீட்டிவிட்டாள்.

போனை வாங்கிக்கொண்டேன். 

"அக்கா. நல்லா இருக்கீங்களா? நானும் நல்லா இருக்கேன். உடம்பைப் பார்த்துக்குங்க."

அந்த வீடியோவுக்கு நான் பழக்கிய மாதிரியே ஒவ்வொரு சொல்லையும் மெல்ல இழுத்து, இடைவெளி விட்டு, ஓர் இடத்தில்கூடச் சிக்காமல். பிறந்ததிலிருந்து என்னை அவன் நீங்க என்று சொன்னதில்லை.

"இருக்கேன்டா" என்றேன். 

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பார்த்தியாடி, உன்கிட்ட மட்டும் எவ்வளவு சுத்தமா பேசுறான்!"

போனை அவளிடம் கொடுத்துவிட்டு என் அறைக்கு நடந்தேன். கதவைச் சாத்துவதற்குள் அவன் மறுபடி திக்க ஆரம்பித்திருந்தான்.