நாளைக்குக் கிளினிக்தானே என்றீர்கள், மச்சாள்

மச்சாள்,

பக்கத்து வீட்டுப் பூமணியக்கா இன்று காலை காய்ந்த செத்தல் மிளகாய் சுட்டார். பேத்தி பால் குடிக்காமல் அழுகிறாளாம், யாரோ கண் வைத்த நாவூறாம். புகை வேலி தாண்டி என் குசினிக்குள் நுழைந்துவிட்டது. இருமித் தும்மி, கண்ணில் நீர் வடிய நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

உங்களுக்கு ஒரு கண்ணில் சிறுவயதிலிருந்தே பார்வை இல்லை. மற்றக் கண்ணை வைத்துத்தான் ஆரையம்பதிப் பெண்களில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்தீர்கள். அந்த ஒற்றைக் கண்ணிலும் விழித்திரை கழன்றுவிட்டது என்று டொக்டர் சொன்னபோது உங்கள் தம்பி, என் கணவர், ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதார். நீங்களோ, "கழண்டதப் பூட்டத்தானேடா ஆஸ்பத்திரி வெச்சிரிக்கு" என்று அவரை அதட்டினீர்கள்.

ஒபரேசன் செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாயு விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டும் என்றார்கள். நோய் பார்க்க வந்த சனம் என்ன செய்யும்? தோடம்பழத்தையும் பிஸ்கட்டையும் மேசையில் வைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்கத் தரையில் பாய் போட்டு மல்லாந்து படுத்துக் கதைத்தது. "எல்லாரும் என்ட காலடியில கிடக்கிறீங்க. இந்த மரியாதைய முந்தியே தந்திரிக்கலாமே" என்று குனிந்த தலையோடு சிரித்தீர்கள். நாள் முழுக்க உங்கள் வாய் ஓயவில்லை.

அந்த வாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திடீரென்று மூடிக்கொண்டது. அதைக் கண்டுதான் நான் பயந்தேன். கேட்டால், "கண்ணுக்குள்ள இடிக்குதுகா" என்றீர்கள். பூமணியக்காவுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. "இவ்வளவு சனம் வந்து பாத்தா நாவூறு படாம என்ன செய்யும்?" என்று செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து உங்கள் தலையைச் சுற்றி, முற்றத்து நெருப்பில் போட்டார். கடற்காற்று புகை முழுவதையும் வாவிப் பக்கம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒருவரும் இருமவில்லை. "பாத்தியா, நெடியே இல்ல! நெடி வராட்டி பொல்லாத நாவூறுதான்" என்றார் அக்கா, பெரிய வெற்றியோடு.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வர நீங்கள் சத்தி எடுத்தீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு நேர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னது என் காதில் ஒலித்தது. கடும் நோவு, சத்தி, பார்வை மங்கல், திரை விழுந்தாற்போல் நிழல், எது வந்தாலும் கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள் என்றிருந்தார். நீங்கள் மட்டும் அசையவில்லை. "நாளைக்குக் கிளினிக்தானே. ஞாயித்துக்கிழமையில டொக்டர்மாருக்கு ஏன்கா கரைச்சல்?"

கலியாணமாகி வந்த நாள் முதல் உங்கள் முன்னால் சத்தமாகப் பேசி அறியாதவள் நான். அன்று கத்தினேன். "இரிக்கிறது ஒரு கண். அதுவும் போனா நாளைக்குக் கிளினிக்குக்கு எதக் கொண்டு போறது? எழும்புங்க!" பூமணியக்கா கையிலிருந்த உப்பைக் கீழே போட்டுவிட்டார். நீங்கள் எழும்பினீர்கள்.

ஓட்டோவில் என் மடியில் முகம் கவிழ்த்துக்கொண்டு, அந்த நோவிலும் வழி சொல்லிக்கொண்டு வந்தீர்கள். புரியாணி மணத்தது, காத்தான்குடி என்றீர்கள். உப்புக்காற்று அடித்தது, கல்லடிப் பாலம் என்றீர்கள். ஒரு பள்ளத்தில் ஓட்டோ குலுங்கியபோது, ஓட்டோக்காரரிடம், "நானா, மெதுவாப் போங்க. மறுகா என்ட கண் ரோட்டுல விழுந்திரும்" என்றீர்கள். "விழுந்தா நிப்பாட்டி எடுத்துத் தாறன் அக்கா, நீங்க பயப்படாதீங்க" என்றார் அவர். மூவரும் சிரித்தோம்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டதாம். ஊசி, குளிசை, சொட்டு மருந்து என்று ஓடி ஓடிப் பார்த்தார்கள். நாளைவரை பொறுத்திருந்தால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டொக்டர். அதைக் கேட்ட பிறகுதான் நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "இந்தச் சத்தத்தக் குறைச்சிராதகா" என்று மெல்லச் சொன்னீர்கள்.

வாயு கரையக் கரைய, கண்ணுக்குள் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு ஆடுகிறது, மேலே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்றீர்கள். அந்தத் தெளிவில் முதலில் அகப்பட்டது என் தலைதான். "என்னகா இப்பிடி நரைச்சிட்டாய்!" சந்தோசத்தில் குசினிக்குள் போய் நின்று அழுதேன். உங்கள் கடைசி நாள்வரை அந்தக் கண் உங்களை விட்டுப் போகவில்லை.

போன மாதம் முன்வீட்டு மாஸ்டர், கண்ணில் ஒபரேசன் செய்த ஒரு கிழமைக்குள், நிழல் விழுகிறது என்றார். புதன்கிழமை கிளினிக்கில் காட்டலாம் என்று படுத்திருந்தார். நான் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. மனிதர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். இப்போது பேப்பர் வாசிக்கிறார். நேற்று அவருடைய மனைவி, "இந்தச் சத்தம் உனக்கு எங்கால வந்த?" என்று கேட்டார்.

என்ட மச்சாள் தந்தது என்றேன். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் எழும்பவில்லை, மச்சாள்.