நாலாவது மாடி, இடப்பக்கம்

செப்டம்பர் 14, 2025. ஞாயிறு. அஜ்மான்

ஒருவருக்குத் தன் வீடு எது என்று எப்படித் தெரிகிறது? எனக்குத் தெரியவில்லை.

மதியம் அவர் குப்பை போடப் போனார். பத்தடி தூரம். இருபது நிமிடம் கழித்து ஆறாவது மாடியில் கண்டுபிடித்தேன். யாரோ ஓர் எகிப்தியர் வீட்டுக் கதவில் நம் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். "பூட்டை மாத்திட்டியா பிருந்தா?"

ஷார்ஜாவில் பதினாறு வருடம் ஆறாவது மாடியில் இருந்தோம்.

ஜனவரியில் வந்த மூளைக்காய்ச்சல், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸை இரண்டு பக்கமும் அழித்துவிட்டது. பழகிய இடங்கள் பெரும்பாலும் நினைவிருக்கும், புது இடம் பதியாது, வீட்டை மட்டும் மாற்றாதீர்கள் என்று டாக்டர் ஆமிரா சொன்னார். ஸ்கேனையும் காட்டினார். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். ஒரு படத்தில் தெரியும் இரண்டு திட்டுகளா ஒரு மனிதரைத் தீர்மானிக்கும் என்று நினைத்தேன். அவர் வேலை போனதும், வாடகை குறைவென்று ஏப்ரலில் இங்கே வந்தோம்.

நான்தான் அழைத்துவந்தேன்.

செப்டம்பர் 16

சேலத்திலிருந்து அவர் தம்பி பாலகுரு பேசினார். "அண்ணனை இங்க விட்டுருங்க அண்ணி. அம்மாபேட்டைல பொறந்து வளந்தவரு. கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேந்துருவாரு."

அப்போ நான்? கேட்கவில்லை. வேலையை விட்டால் நாங்கள் இருவரும் எதில் சாப்பிடுவது?

பகலில் அவரோடு இருக்கும் வீரம்மாள் அக்டோபர் கடைசியில் ஊருக்குப் போகிறாள். அதற்குப் பிறகு வெளியே பூட்டிவிட்டு துபாய்க்கு டூட்டிக்குப் போவதா? பாலகுருவிடம் அதுவரை தவணை கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 20

பழக்கம் மூளையில் வேறு இடத்தில் பதியுமாம். ஒரே பாதையில், திரும்பத் திரும்ப, தப்பவே விடாமல் நடக்க வேண்டும். கால் கற்றுக்கொள்ளலாம், ஆனால் கற்றது அவருக்குத் தெரியாது என்கிறார் ஆமிரா. தெரியாமல் கற்பதும் கற்பதா?

நம்பாமல் இருக்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை.

செப்டம்பர் 29

கீழே லுக்மான் கடை. லிஃப்ட். நாலு. இடப்பக்கம், மூன்றாவது கதவு. காலையில் இரண்டு முறை, மாலையில் நாலு முறை கூட்டிக்கொண்டு நடக்கிறேன்.

"சார் தினமும் புதுசாக் குடிவர்றாருக்கா" என்கிறார் லுக்மான். "தினமும் கைகுடுத்து, பேர் சொல்லி, ஊர் கேக்குறாரு. இவ்ளோ மரியாதையான கஸ்டமர் யாருக்குக் கிடைக்கும்?"

சிரித்தேன். லிஃப்ட் வரும்வரைதான்.

அக்டோபர் 8

இன்றும் ஆறை அழுத்தப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அக்டோபர் 17

விரல் ஆறை நோக்கிப் போனது. நின்றது. தானாக இறங்கி நாலை அழுத்தியது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"என்னது?"

அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, குளிருதா?" என்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

ஒரு வாரமாகத் தப்பவில்லை. நாளை தனியாக அனுப்பப் போகிறேன். பால் வாங்கிக்கொண்டு வர வேண்டும். வந்துவிட்டால் என்னோடு இருப்பார். பாலகுருவிடமும் சொல்லிவிட்டேன். "சரி அண்ணி, அண்ணன் பாஸாகட்டும். இல்லேன்னா நான் வந்து கூட்டிட்டு வந்துடறேன்."

இல்லையென்றால்— எழுத முடியவில்லை.

அக்டோபர் 25, சனி

பத்து ஐந்துக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் லுக்மான் போன் செய்தார். "பால் வாங்கிட்டாரு. லிஃப்ட்ல ஏறிட்டாரு. இனி உங்க பக்கம்க்கா."

பத்து பதினான்குக்கு அழைப்பு மணி அடித்தது. கையில் பாலோடு நின்றார். வேறு எந்தக் கதவுக்கும் போகவில்லை. "வந்துட்டீங்களா" என்றேன்.

செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். நம் வீட்டில் அவர் அப்படி வைத்ததே கிடையாது. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்தார். சுவர்களைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, யார் காதிலும் விழாத குரலில் சொன்னார்: "நேரமாச்சு பிருந்தா. இவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? வா, வீட்டுக்குப் போலாம்."

"இதாங்க நம்ம வீடு."

"விளையாடாத."

மூன்று முறை சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். மூன்றாவது முறை சொன்னபோது, பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் பாலகுருவை அழைத்தேன்.

"அண்ணன் பாஸா அண்ணி?"

"பாஸ்" என்றேன். "வந்து கூட்டிட்டுப் போங்க."