கடதாசிப் புழு

செவ்வாய்க்கிழமை. மழை விடவில்லை.

இன்று கொட்டாஞ்சேனையில் எனது உயிரியல் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரே தேரைதான். கறுப்புக் கடதாசித் துண்டைப் பெட்டிக்கு முன்னால் நீளவாட்டில் இழுத்தால் புழு என்று நினைத்துப் பாயும். நிமிர்த்திப் பிடித்து இழுத்தால் கவனிக்காது. பிள்ளைகள் சிரித்துச் சிரித்துத் திரும்பவும் இழுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் இடப்பக்கத்திலேயே இழுத்தேன்.

கடைசி வகுப்பில் அது அசையவில்லை. பெட்டிக்குள் அதே பக்கத்தில் ஓர் உண்மையான மண்புழுவை விட்டேன். அது ஊர்ந்து போவதைத் தேரை திரும்பியும் பார்க்கவில்லை.

"சேர், அதுக்குப் பசிக்கேல்லையோ?" என்றாள் ஒரு மாணவி.

"பசிதான். ஏமாந்து ஏமாந்து அலுத்துப்போச்சுது."

வெள்ளவத்தைக்கு வந்து சேர, கனடாவிலிருந்து மகன் போன் எடுத்தான். வருசா வருசம் வருகிறேன் என்று சொல்லி வராதவன்.

"அப்பா, இந்தமுறை உண்மையாவே டிக்கெட் எடுத்திட்டன். அம்மாட்டச் சொல்லுங்கோ."

டிக்கெட்டையும் அனுப்பியிருந்தான். குசினிக்குப் போய் மனைவியின் முகத்துக்கு நேரே போனை நீட்டினேன்.

"ஓம்," என்றாள், வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல்.

தேரைக்கு ஒரு பக்கம் அலுத்தாலும் மறுபக்கத்தால் வருவது கண்ணில் படும். நாளை புழுவை அந்தப் பக்கத்தில் விட்டுப் பார்க்கலாம்.

இவளுக்கு எந்தப் பக்கத்தால் சொல்வது?